தாம்பரத்துத் தோட்டத்தில் மீனும் கீரையும்... வீட்டிலேயே அக்வாபோனிக்ஸ் ஆரம்பிப்பது எப்படி?

மீன் தொட்டியைக் கழுவுற தண்ணியை எங்கே ஊத்துவீங்க? பெரும்பாலான வீடுகளில் கறிவேப்பிலை மரத்துக்கோ செம்பருத்திச் செடிக்கோதான் ஊற்றுவார்கள். அந்தச் செடி மட்டும் பக்கத்துச் செடியைவிடப் பச்சையாக, தளதளன்னு நிற்கும். கிராமத்துக் கிணற்றில் நாலு மீனை விட்டுவைத்த தாத்தாவுக்கும் இந்த ரகசியம் தெரியும். 'அக்வாபோனிக்ஸ்' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே, அதன் அடிப்படையும் இவ்வளவுதான். மீனின் கழிவு செடிக்கு உரம். செடியின் வேர் மீனுக்குத் தண்ணீர் சுத்திகரிப்பான். ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றிவரும்.

கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் ஆரம்பிக்கிறவர்களில் நிறைய பேர் முதல் மாதத்திலேயே கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். தொட்டி வாங்கிய அன்றே மீனை விடுவார்கள். மூன்றாவது, நான்காவது நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், ஒரு வாரத்தில் மிதக்கும். "இதெல்லாம் நமக்கு செட் ஆகாது"ன்னு டிரம்மை ஓரங்கட்டிவிடுவார்கள். உண்மையில் மீனைக் கொன்றது அவசரம்தான். அதைத் தவிர்க்கணும்னா தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

தொட்டிக்குள் நடக்கும் வேதியியல்

மீன் கழிவிலிருந்தும், சாப்பிடாமல் மிச்சம் விட்ட தீவனத்திலிருந்தும் வருவது அம்மோனியா. இது மீனுக்கு விஷம். தண்ணீரில் இயற்கையாகவே வளரும் ஒருவகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் மீனுக்கு ஆகாது. அடுத்து வேறு ஒருவகை பாக்டீரியா வந்து அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மீனைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, செடிக்கு அதுதான் சாப்பாடு.

ஆக, நீங்கள் வளர்ப்பது மீன், செடி என இரண்டு உயிர் அல்ல, மூன்று. கண்ணுக்குத் தெரியாத அந்த பாக்டீரியாதான் மூன்றாவது. ஜல்லியிலும் குழாயிலும் தொட்டிச் சுவரிலும் அது குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் காத்திருக்கத்தான் வேண்டும்.

எவ்வளவு பெரிசா ஆரம்பிக்கலாம்?

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் பக்கம் இருக்கும் தனி வீடுகளில் பின்புறம் 10 அடிக்கு 6 அடி இடம் இருந்தால் போதும். ரொம்பச் சின்னதாக ஆரம்பிப்பதுதான் ஆபத்து. 50 லிட்டர் தொட்டியில் ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் தண்ணீர் சட்டென்று கெட்டுவிடும். 500 லிட்டர் என்றால் சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். தேவையானவை இவைதான்:

* 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி 1 - வாய் அகலமாக இருந்தால் நல்லது. வெளிச்சம் ஊடுருவாத அடர் நிறமாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் பாசி பிடித்துவிடும்.
* 200 லிட்டர் நீல டிரம் 1 - இதை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு செடிப் படுக்கைகள் ரெடி. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் ஆழம் இருக்கும், செடி வேருக்கு அதுவே சரியான அளவு. இரண்டும் சேர்ந்து சுமார் 1 சதுர மீட்டர் தோட்டம்.
* தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்யும் 20 வாட் பம்ப் 1, மணிக்கு 1,000 லிட்டர் இறைக்கும் திறனில்.
* அக்வேரியம் ஏர் பம்ப் 1, காற்றுக் கல்லோடு.
* 15 நிமிட இடைவெளியில் ஆன்-ஆஃப் செய்யும் டைமர் 1.
* ஜல்லி, பி.வி.சி. குழாய், ஹாலோ பிளாக் கற்கள், ஒரு வலை.
* அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.ஹெச். பார்க்கும் டெஸ்ட் கிட் 1.

செகண்ட் ஹேண்ட் டிரம் வாங்கும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். அதில் முன்னாடி என்ன இருந்தது என்று கேளுங்கள். ஆயில், கெமிக்கல், பூச்சிமருந்து இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. உணவுப்பொருள் வந்த டிரம்தான் சரி. டெஸ்ட் கிட்டில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், ஆனால் அம்மோனியா எகிறியிருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஜல்லி, நம்ம பல்லாவரத்து விசேஷம்

செடிப் படுக்கையில் மண் கிடையாது, ஜல்லிதான். அரை இஞ்ச் அல்லது முக்கால் இஞ்ச் கருங்கல் ஜல்லி போதும். இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் பாறைக்குப் பெயர் 'சார்னோகைட்'. கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறையில் செய்யப்பட்டது. அதனால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்கு அவர் பெயரையே வைத்தார். இந்தக் கருங்கல்லில் சுண்ணாம்பு இல்லாததால் தண்ணீரின் பி.ஹெச். அளவை அது மாற்றாது.

கடையில் வாங்கும் ஜல்லி எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. அதனால் ஒரு சின்ன டெஸ்ட். நாலு கல்லை எடுத்து அதன்மேல் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துக்கொண்டு குமிழி வந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். வராவிட்டால் தாராளமாக வாங்கலாம். பிறகு கிரஷர் தூசி போகும்வரை நாலைந்து தடவை அலசிவிடுங்கள். இந்த வேலையில் சோம்பல்பட்டால் தூசியெல்லாம் போய்ப் பம்பை அடைத்துக்கொள்ளும்.

எடையையும் கணக்கில் வையுங்கள். அரை டிரம் ஜல்லி சுமார் 150 கிலோ, தண்ணீரோடு சேர்த்தால் 200 கிலோவை நெருங்கும். இரண்டு படுக்கை, 500 லிட்டர் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட 900 கிலோ. தரையில் பிரச்னை இல்லை. மாடியில் வைக்க ஆசை என்றால் சிவில் இன்ஜினீயரிடம் கேட்காமல் வைக்கவே கூடாது.

அமைப்பது எப்படி?

1. செடிப் படுக்கைகளை ஹாலோ பிளாக் மேல் உயரமாக வையுங்கள். படுக்கையின் அடிப்பகுதி, தொட்டித் தண்ணீர் மட்டத்தைவிட மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தானாகவே தொட்டிக்குத் திரும்பும்.

2. ஒவ்வொரு படுக்கையின் அடியிலும் துளை போட்டு, ஒரு பி.வி.சி. குழாயை நேராக நிறுத்துங்கள். ஜல்லி மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே குழாயின் வாய் இருக்க வேண்டும். தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்ததும் குழாய் வழியாக வழிந்துவிடும். குழாயின் அடியில் ஒரு சின்னத் துளை போட்டால், பம்ப் நின்றதும் மிச்சத் தண்ணீர் மெதுவாக வடியும்.

3. அந்தக் குழாயைச் சுற்றி, ஓட்டைகள் போட்ட பெரிய குழாய் ஒன்றைக் கவசமாக வைத்துவிட்டு ஜல்லியைக் கொட்டுங்கள். ஜல்லி உள்ளே போய் அடைக்காது.

4. டைமரை 15 நிமிடம் ஓடி, 45 நிமிடம் நிற்கிற மாதிரி செட் பண்ணுங்கள். தண்ணீர் ஏறும்போது வேருக்குச் சாப்பாடு, இறங்கும்போது வேருக்குக் காற்று.

5. ஏர் பம்ப் மட்டும் 24 மணி நேரமும் ஓட வேண்டும். அதை டைமரில் மாட்டாதீர்கள்.

மேல் 5 சென்டிமீட்டர் ஜல்லி எப்போதும் காய்ந்தே இருப்பதில் இரண்டு லாபம். பாசி வராது, கொசு முட்டையிட இடமும் கிடைக்காது. டெங்கு சீசனில் வீடு வீடாகச் சோதனைக்கு வருகிறவர்களுக்கும் பதில் ரெடி. தொட்டியில் விழுகிற கொசுப்புழுவை மீனே பார்த்துக்கொள்ளும்.

கரன்ட் பில் நினைத்துப் பயப்பட வேண்டாம். 20 வாட் பம்ப் ஒரு நாளில் மொத்தம் 6 மணி நேரம்தான் ஓடும். 5 வாட் ஏர் பம்ப் நாள் முழுக்க ஓடும். கணக்குப் போட்டால் இரண்டு மாத பில்லில் இரண்டும் சேர்ந்து 15 யூனிட்டுக்குள்தான். ஆனால் தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், கசிவு ஏற்பட்டால் உடனே டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் இணைக்காதீர்கள். பிளக் பாயின்ட் தொட்டியைவிட உயரத்தில், மழை படாத இடத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் கவனம்

நம்ம ஏரியாவில் பெரிய தலைவலியே இதுதான். போர் தண்ணீர் பல தெருக்களில் கடினத்தன்மை அதிகம். பக்கெட்டில் படிகிற வெள்ளைக் கறையே சாட்சி. இப்படிப்பட்ட தண்ணீரில் பி.ஹெச். 8-ஐத் தொடலாம். அதில் என்ன பிரச்னை? அதே அளவு அம்மோனியா, பி.ஹெச். 7-ல் இருப்பதைவிட 8-ல் சுமார் 10 மடங்கு விஷமாகிவிடும். தண்ணீர் சூடாக ஆக இன்னும் மோசம்.

எளிய வழி, மழைநீரைக் கலப்பது. 2003-லேயே தமிழகத்தில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மொட்டைமாடிக் குழாயை ஒரு டிரம்முக்குத் திருப்பிவிட்டால் அக்டோபர் முதல் டிசம்பர்வரை நல்ல தண்ணீர் இலவசம். முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள், மாடித் தூசியெல்லாம் அதில்தான் வரும். குழாயில் வரும் குடிநீர், லாரித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். குளோரின் பாக்டீரியாவையும் கொல்லும், மீனையும் கொல்லும். ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் ஓடவிட்டு 1 அல்லது 2 நாள் வைத்திருந்து பிறகு ஊற்றுங்கள்.

தொட்டி ஓட ஆரம்பித்ததும், ஆவியாகிப் போகிற தண்ணீரை மட்டும் ஈடுகட்டினால் போதும். நாளுக்கு மொத்தத் தண்ணீரில் 1 முதல் 3 சதவிகிதம். அதாவது 5 முதல் 15 லிட்டர், ஒரு பக்கெட்கூட இல்லை. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மீன் இல்லாத முதல் மாதம்

தண்ணீர் நிரப்பி, பம்பை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடுங்கள். சாப்பிட மீன் இல்லாததால் அது அழுகி அம்மோனியாவாக மாறும். தெரிந்தவர்கள் வீட்டில் நன்றாக ஓடுகிற அக்வேரியம் இருந்தால், அதன் ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்த தண்ணீரைக் கொஞ்சம் கேட்டு வாங்கி ஊற்றுங்கள். வீட்டுத் தயிருக்கு உறை மோர் ஊற்றுகிற மாதிரிதான் இது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் செய்து நோட்டில் எழுதுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். கடைசியில் அதுவும் இறங்கி நைட்ரேட் தெரிய ஆரம்பிக்கும். தீவனம் போட்ட பிறகும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் மீனை வரவேற்கலாம். செடிகளைப் பாதியிலேயே நட்டுவிடலாம், தப்பில்லை.

என்ன மீன், எத்தனை?

இந்த அளவுக்கு 20 குஞ்சுகள் போதும். "இவ்ளோ பெரிய தொட்டிக்கு 20 தானா?" என்று வீட்டில் கேட்பார்கள். கணக்கு இதோ. 1 சதுர மீட்டர் கீரைக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீவனத்தின் கழிவு போதும். ஒவ்வொன்றும் 100 கிராம் வளர்ந்த 20 மீன்கள் மொத்தம் 2 கிலோ. தினமும் உடல் எடையில் 2 சதவிகிதம் சாப்பிட்டால் 40 கிராம். சரியாகப் பொருந்துகிறதா? மீனைக் கூட்டினால் கழிவு கூடும், பாக்டீரியாவும் செடியும் திணறும்.

* சாப்பிட வேண்டும் என்றால் ஜிலேபி எனப்படும் திலேப்பியா. சூட்டைத் தாங்கும், நெருக்கடியையும் தாங்கும். சீக்கிரம் வளரும் 'கிஃப்ட்' ரகக் குஞ்சுகளை அரசு அங்கீகாரம் பெற்ற பண்ணையில் மட்டுமே வாங்குங்கள். ஆணும் பெண்ணும் கலந்திருந்தால் தொட்டியிலேயே குஞ்சு பொரித்து நெரிசலாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.
* வீட்டில் அசைவம் இல்லை என்றால் கோல்டு ஃபிஷ், கோய். கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்கு அதிகாலையில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு திறந்துவிடுங்கள்.
* கட்லா, ரோகு குளத்து மீன்கள், இந்தத் தொட்டி அவற்றுக்குப் பத்தாது.
* ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை இருக்கிறது. யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மிதக்கும் தீவனம்தான் நல்லது. எவ்வளவு சாப்பிடுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். காலை, மாலை இரண்டு வேளை போடுங்கள். 15 நிமிடத்தில் மிச்சம் இருந்தால் வலையால் எடுத்துவிட்டு அடுத்த வேளை குறையுங்கள். குஞ்சாக இருக்கும்போது மொத்தத்துக்கே நாளுக்கு ஒரு டீஸ்பூன்தான் தேவைப்படும். பழைய சோறு, இட்லித் துண்டு போடும் பழக்கம் வேண்டாம்.

என்ன நடலாம்?

முதல் ஆறு மாதம் கீரைதான். பொன்னாங்கண்ணி, வல்லாரை இரண்டும் இயல்பிலேயே ஈரத்தில் வளர்கிறவை, குச்சியைச் செருகினாலே பிடித்துக்கொள்ளும். புதினா, பசலை, அரைக்கீரை, சிறுகீரையும் நன்றாக வரும். மீன்கள் பெரிதாகி நைட்ரேட் நிலையாக இருக்கும்போது தக்காளி, மிளகாய், கத்திரிக்குப் போகலாம். முள்ளங்கி, கேரட் மாதிரி கிழங்குகள் ஜல்லியில் கோணல்மாணலாகத்தான் வளரும்.

புது இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் இரும்பு குறைவு என்பதால் எல்லோருக்கும் வருவதுதான். உரக்கடையில் 'டி.டி.பி.ஏ. அயர்ன்' என்று கேளுங்கள். 11 சதவிகித இரும்பு உள்ள பொடி என்றால் 500 லிட்டருக்கு 9 கிராம் கரைத்து ஊற்றினால் போதும்.

மாடித்தோட்டம் போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் எதையும் இதில் ஊற்றக் கூடாது. மண்ணில் அமுதமாக இருப்பது இங்கே அம்மோனியா ஆகிவிடும். வேப்பெண்ணெய்க் கரைசலும் மீனுக்கு ஆகாது. பூச்சி வந்தால் கையால் எடுப்பது, தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, மோசமான செடியைப் பிடுங்கிவிடுவது, அவ்வளவுதான். இதனால்தான் இந்தக் கீரையை நம்பிக் குழந்தைக்குக் கொடுக்க முடிகிறது. பறித்ததை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

வெயில், புயல், வெள்ளம்

*மே மாதம்:* தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும், 35 டிகிரியில் 7-ஐக்கூட எட்டாது. தொட்டிக்கு மேல் பச்சை நிழல்வலை கட்டுங்கள். செடிக்குக் காலை வெயில் கிடைத்தால் போதும். உச்சி வெயிலில் தீவனம் வேண்டாம்.

*கரன்ட் கட்:* 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது நாள்கணக்கில் இருட்டில் இருந்ததை நாம் மறக்கவில்லை. அப்படி ஒரு நாளில் மீனுக்கு முதலில் தீர்ந்துபோவது ஆக்சிஜன். ஏர் பம்பை இன்வெர்ட்டரில் இணையுங்கள், இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். கரன்ட் வரும்வரை தீவனத்தை நிறுத்துங்கள். மீன் ஒன்றிரண்டு நாள் சாப்பிடாமல் தாங்கும். எதுவுமே இல்லையா? மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். இதுவும் காப்பாற்றும்.

*வெள்ளம்:* தொட்டியைப் பாதி மண்ணில் புதைத்தால் கோடையில் தண்ணீர் குளுமையாக இருக்கும். ஆனால் 2015-ல் அடையாறு வீட்டுக்குள் வந்த முடிச்சூர், வரதராஜபுரம் மாதிரி இடங்களில் இருப்பவர்கள் புதைக்கவே கூடாது. மேடை போட்டு உயர்த்தி வையுங்கள், வலையை இறுகக் கட்டுங்கள். உங்கள் திலேப்பியா தப்பித்து ஏரிக்குப் போனால் அங்கிருக்கும் நாட்டு மீன்களுக்கு இரையும் இடமும் இல்லாமல் செய்துவிடும். "போதும், வளர்த்தது" என்று மனசு மாறினாலும் ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். மழை எச்சரிக்கை வரும்போது வளர்ந்த மீன்களைப் பிடித்துவிடுவது நல்லது.

வலை இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம். கொக்கு, மீன்கொத்தி, பூனை ஒரு பக்கம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வலை மட்டும் போதாது, பூட்டு வைத்த கனமான மூடி வேண்டும். இதில் சமரசமே கூடாது.

என்ன கிடைக்கும்?

வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். 20 திலேப்பியா ஆறேழு மாதத்தில் தலா 200 முதல் 250 கிராம் வளர்ந்தால் மொத்தம் 4 முதல் 5 கிலோ மீன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு சின்னக் குடும்பத்துக்குத் தேவையான கீரை. "மாதம் லட்சம் சம்பாதிக்கலாம்" என்று யாராவது கிட் விற்க வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். வீட்டு அளவில் இது லாபத் தொழில் இல்லை, நம் தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து சாப்பிடுகிற வாய்ப்பு.

பெரிய அளவில் யோசிப்பவர்கள் கேரளாவைப் பார்க்கலாம். எர்ணாகுளம் மாவட்டம் செராய் பகுதியில், பள்ளிப்புரம் கூட்டுறவு வங்கியின் ஆதரவோடு வீட்டுத் தோட்டங்களில் அக்வாபோனிக்ஸ் பரவியது. நமக்குப் பக்கத்திலேயே தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையங்கள் ஓ.எம்.ஆர். வாணியஞ்சாவடியிலும் ஈ.சி.ஆர். முட்டுக்காட்டிலும் இருக்கின்றன. பயிற்சி எப்போது என்று விசாரித்துவிட்டு ஒரு நாள் போய்வாருங்கள்.

மறக்கக் கூடாத வாராந்திர வேலைகள்

* தினமும்: மீன் சுறுசுறுப்பாக இருக்கிறதா, ஏர் பம்ப் ஓடுகிறதா, தண்ணீர் மட்டம் சரியா என்று பாருங்கள். 5 நிமிட வேலை.
* வாரம் ஒருமுறை: அம்மோனியா, நைட்ரைட், பி.ஹெச். டெஸ்ட். முதல் இரண்டும் 1-க்குக் கீழே, பி.ஹெச். 6-லிருந்து 7-க்குள் இருந்தால் பிரமாதம். போர் தண்ணீர் கலப்பவர்களுக்கு 7.5 வரை இருந்தாலும் சமாளிக்கலாம்.
* மாதம் ஒருமுறை: பம்பின் ஃபில்டரைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.
* பி.ஹெச். 6-க்குக் கீழே போனால்: கிளிஞ்சல் ஓடுகளை ஒரு துணிப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிடுங்கள்.
* மீன் மேலே வந்து வாய் பிளந்தால்: தீவனத்தை நிறுத்துங்கள், கூடுதல் ஏர் பம்ப் போடுங்கள், டெஸ்ட் செய்யுங்கள். அம்மோனியா அதிகமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிடுங்கள், வீணாகாது.

ஆடிப் பட்டத்துக்கு விதைக்கிற மாதிரி இதற்கும் ஒரு நேரம் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கினால் மழைக்காலத்தில் சேர்த்த தண்ணீர் கையில் இருக்கும், மே வெயில் வருவதற்குள் பாக்டீரியாவும் குடியேறிவிடும், புயல் சீசனுக்குள் மீனும் அறுவடைக்கு வந்துவிடும். இடத்தை இன்றைக்கே அளந்து பாருங்கள். டிரம் வாங்குங்கள், தண்ணீர் நிரப்புங்கள். மீன் மட்டும் ஒரு மாதம் காத்திருக்கட்டும்!